சுருக்கப்பட்ட நிரற்கூறுகளும் நினைவகப் பற்றாக்குறையும்: லினக்ஸ் கருவகம் மறுப்பை எதிர்கொள்ளும் முறை

முன்னுரை

ஒரு மென்பொருள் என்ன செய்கின்றது என்பதை விளக்குவது எளிது. கேட்டது கிடைக்காதபோது அஃது எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை விளக்குவதே அரிது. எனினும், கணினியின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இவ்விரண்டாவது வினாவுக்கான விடையிலேயே தங்கியுள்ளது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. லினக்ஸ் இயங்குதளத்தில், சுருக்கப்பட்ட வடிவில் வட்டில் வைக்கப்பட்டுள்ள ஒரு நிரற்கூற்றைக் கருவகத்தினுள் ஏற்றும்போது நினைவகம் போதாமற் போனால் என்ன நிகழும், என்ன நிகழ வேண்டும் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

இக்கட்டுரையில் ‘கெர்னல்’ என்பதைக் கருவகம் என்றும், ‘மாட்யூல்’ என்பதை நிரற்கூறு என்றும் குறிப்பிடுகின்றோம். பிற பெயர்களை ஒலிபெயர்ப்பில் தந்துள்ளோம்.

கருவகமும் நிரற்கூறும்

இயங்குதளத்தின் நடுப்பகுதியே கருவகம். நினைவகத்தைப் பங்கிடுதல், செயலிகளுக்கு நேரம் ஒதுக்குதல், வன்பொருளுடன் பேசுதல் ஆகியன அதன் பணிகள். 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவகம், இன்று கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை பயன்படுகின்றது. இத்தனை வகைக் கருவிகளுக்கும் உரிய நிரல்கள் அனைத்தையும் ஒரே கருவகத்தில் அடைத்து வைப்பின் அது பெருத்துவிடும். ஆதலின், தேவைப்படும்போது மட்டும் ஏற்றி, தேவை தீர்ந்ததும் இறக்கிவிடக்கூடிய நிரற்கூறுகளாக அவற்றுட் பல பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு வலையட்டையின் இயக்கி, ஒரு கோப்பு முறைமை, ஒரு மறையாக்க வழிமுறை ஆகியன இத்தகைய நிரற்கூறுகளாக அமையலாம்.

ஏற்றப்பட்ட நிரற்கூறு கருவகத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகின்றது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. சாதாரணச் செயலி ஒன்று தவறாக நடந்து முடிந்தால், அது பெற்றிருந்த நினைவகம் அனைத்தையும் கருவகம் தானே மீட்டுக்கொள்ளும். ஆனால், கருவகத்தினுள் ஓர் இடம் திருப்பித் தரப்படாமல் விடுபட்டால் அதனை மீட்பதற்குக் கருவகத்திற்கு மேல் வேறொருவர் இல்லை. கணினியை மீண்டும் தொடங்கும் வரை அவ்விடம் பயனற்றுக் கிடக்கும். இவ்வேறுபாடே பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் அடிப்படை.

சுருக்கத்தின் விலை

விநியோகத் தொகுப்பு ஒன்றில் பல்லாயிரம் நிரற்கூறுகள் இருத்தல் கூடும். வட்டு இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அவற்றை ஜிசிப், எக்ஸ்-இசட், இசட்-ஸ்டாண்டர்டு ஆகிய முறைகளுள் ஒன்றால் சுருக்கி வைக்கின்றனர். இவற்றுள் ஜிசிப் 1992இலும், எக்ஸ்-இசட் 2009இலும், இசட்-ஸ்டாண்டர்டின் முதல் நிலையான பதிப்பு 2016இலும் வெளிவந்தன.

இம்மூன்று முறைகளுக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. முன்னர் வந்த ஒரு தொடர் மீண்டும் வருமாயின், அதனை மறுபடியும் எழுதாமல், ‘இத்தனை எழுத்துக்கு முன்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க’ என்ற குறிப்பை மட்டும் எழுதுவதே அது. எனவே, விரிப்பவர் தாம் ஏற்கெனவே விரித்த பகுதியுள் ஓரளவைக் கையருகில் வைத்திருத்தல் வேண்டும். இப்பகுதியைச் சாளரம் என்பர். ஜிசிப் முறையில் சாளரத்தின் உச்ச அளவு 32 கிலோபைட்டு. எக்ஸ்-இசட் முறையில் இது சுருக்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அதன் இயல்பான ஆறாம் நிலையில் சுருக்கிய கோப்பை விரிக்க ஏறத்தாழ 9 மெகாபைட்டும், ஒன்பதாம் நிலையில் சுருக்கியதை விரிக்க ஏறத்தாழ 65 மெகாபைட்டும் தேவைப்படலாம். இசட்-ஸ்டாண்டர்டிலும் சாளர அளவு சுருக்கும்போதே முடிவாகிக் கோப்பின் தலைப்பகுதியில் பதியப்படுகின்றது.

இதிலிருந்து ஒரு முதன்மையான செய்தி பெறப்படுகின்றது. விரிப்பதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை முடிவு செய்பவர் விரிப்பவர் அல்லர், சுருக்கியவரே. பெரிய கணினியில் அமர்ந்து, வட்டில் சில கிலோபைட்டுகளை மிச்சப்படுத்த ஒருவர் தேர்ந்த நிலை, 64 மெகாபைட்டு நினைவகம் மட்டுமே உள்ள ஒரு சிறு வழிப்படுத்தியில் நிரற்கூறு ஏறாமற் போவதற்குக் காரணமாகலாம்.

விரிப்பு நிகழும் இடம்

நெடுங்காலம், சுருக்கப்பட்ட நிரற்கூற்றை விரிக்கும் பணியைக் கருவகத்திற்கு வெளியே உள்ள ‘மாட்புரோப்’ போன்ற கருவி நிரல்களே செய்து வந்தன. கருவி, கோப்பைப் படித்துத் தன் நினைவகத்தில் விரித்து, விரிந்த உள்ளடக்கத்தைக் கருவகத்திடம் ஒப்படைக்கும். கருவகம் அதனைத் தன் பகுதிக்குப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் உரிய இடத்தில் அமைக்கும்.

2022 மார்ச்சு மாதம் வெளிவந்த 5.17ஆம் பதிப்பு முதல், கருவகமே விரித்துக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. முதலில் ஜிசிப், எக்ஸ்-இசட் ஆகிய இரண்டும், பின்னர் இசட்-ஸ்டாண்டர்டும் இடம்பெற்றன. இம்மாற்றத்தின் நோக்கம் நினைவகச் சிக்கனம் அன்று, பாதுகாப்பே. ‘லோடுபின்’ என்னும் பாதுகாப்புக் கொள்கை, நிரற்கூறு எந்தச் சேமிப்பகத்திலிருந்து வருகின்றது என்பதைக் கருவகம் அறிய வேண்டும் என்று கோருகின்றது. வெளியே விரித்துக் கொடுத்தால், கோப்புக்கும் உள்ளடக்கத்திற்கும் இடையேயான தொடர்பு அறுந்துவிடும். சுருக்கப்பட்ட கோப்பையே கருவகத்திடம் கொடுத்தால் அத்தொடர்பு நிலைக்கும்.

எனினும், இதனால் நினைவகக் கணக்கும் மாறியது. சுருக்கிய நிலையில் 1 மெகாபைட்டும் விரிந்த நிலையில் 4 மெகாபைட்டும் உடைய ஒரு நிரற்கூற்றைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய முறையில் கருவியிடம் 4, கருவகத்தின் படியில் 4, இறுதி அமைப்பில் ஏறத்தாழ 4 என உச்சத்தில் 12 மெகாபைட்டு வரை ஒரே நேரத்தில் பிடிக்கப்படும். புதிய முறையில் முதற்கட்டத்தில் சுருக்கிய 1, விரிந்த 4, விரிப்பிற்கான பணியிடம் ஆகியன வேண்டும். விரிப்பு முடிந்தவுடன் சுருக்கிய படியும் பணியிடமும் திருப்பித் தரப்படுகின்றன. அடுத்த கட்டத்தில் விரிந்த 4, இறுதி அமைப்பு 4 என 8 மெகாபைட்டோடு நிற்கும். இறுதி அமைப்பில் பிழைநீக்கத் தரவு போன்றவை விடுபடுதலால் உண்மை அளவு இன்னும் குறையலாம்.

ஏன் சிறிது சிறிதாக விரித்து, சிறிது சிறிதாக ஏற்றக் கூடாது என்ற வினா எழலாம். நிரற்கூற்றின் எண்மக் கையொப்பம் முழு உள்ளடக்கத்தின் மீதும் இடப்பட்டது. முழுவதும் கையில் வந்த பின்னரே அதனைச் சரிபார்க்க முடியும். ஆதலின், விரித்த வடிவம் முழுமையாக நினைவகத்தில் இருந்தே ஆக வேண்டும்.

மறுப்பு நேரும் இடங்கள்

கருவகம் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து ஆள்கின்றது. பல கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட்டு. நிரற்கூறு ஒன்றை ஏற்றும் வழியில் பின்வரும் இடங்களில் நினைவகம் கேட்கப்படுகின்றது. அவ்வொவ்வோர் இடத்திலும் மறுப்பு நேரலாம்.

முதலாவது, சுருக்கிய கோப்பு முழுவதையும் படித்து வைக்கும் இடம். இரண்டாவது, விரிப்பிற்கான பணியிடம். மூன்றாவது, விரிந்த உள்ளடக்கத்தைத் தாங்கும் பக்கங்கள். விரிந்த அளவு முன்கூட்டியே தெரியாதலால், கருவகம் சுருக்கிய அளவைப் போல் இருமடங்கு பக்கங்களுக்குரிய பட்டியலோடு தொடங்கி, போதாதபோது பட்டியலை நீட்டிக்கொண்டே செல்கின்றது. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேவைக்கேற்பப் பெறப்படுகின்றன. நான்காவது, சிதறிக் கிடக்கும் அப்பக்கங்களை ஒரே தொடர்ச்சியாகத் தோன்றச் செய்யும் முகவரி இணைப்பு. ஐந்தாவது, நிரற்கூற்றின் இறுதி இருப்பிடம். 64 பிட்டு இன்டெல் வகைக் கணினிகளில் இது கருவகத்திற்கு அருகே, முகவரி வெளியின் மேல்முனையிலுள்ள 2 கிகாபைட்டு எல்லைக்குள் அமைந்தாக வேண்டும். ஆகவே, நினைவகம் ஏராளமாக இருந்தும் முகவரி வெளி தீர்ந்து மறுப்பு நேரலாம். ஆறாவது, ஒவ்வொரு செயலகத்திற்கும் தனித்தனியே வேண்டிய தரவிடம். இறுதியாக, நிரற்கூற்றின் தொடக்கச் செயற்கூறு தன் பணிக்காகக் கேட்கும் இடம்.

பெருங்கணினிகளில் இத்தகைய மறுப்பு அரிது. ஆயினும் அரிதன்று எனத்தக்க சூழல்களும் உள்ளன. கணினி நிலைகுலைந்தபோது நிகழ்ந்ததைப் பதிவு செய்வதற்காகத் தொடங்கப்படும் மீட்புக் கருவகம், முன்னரே ஒதுக்கப்பட்ட சில நூறு மெகாபைட்டுக்குள் மட்டுமே இயங்க வேண்டும். அங்கு வட்டு இயக்கிக்கான நிரற்கூறு ஏறவில்லையெனில், நிலைகுலைவின் காரணத்தைக் கூறும் சான்றே கிடைக்காமற் போகும்.

தொடர்ச்சியான இடமும் சிதறிய இடமும்

நினைவகம் இல்லை என்பதும், கேட்ட வடிவில் நினைவகம் இல்லை என்பதும் ஒன்றல்ல. இதனை நூலக எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்துத் தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியம் நூலகத்திற்கு வருகின்றது. பத்தும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், நூலகம் முழுவதும் நூறு வெற்றிடங்கள் சிதறியிருந்தும் இடமில்லை என்ற விடையே கிடைக்கும். எந்தத் தொகுதி எங்குள்ளது என்பதை அட்டவணையில் குறித்துக்கொண்டு கிடைத்த இடத்தில் வைக்க இசைந்தால், இடம் உடனே கிடைக்கும். அட்டவணையைப் பார்க்கும் சிறு உழைப்பு மட்டுமே கூடுதல்.

கருவகத்தில் ‘கேமெலாக்’ என்னும் செயற்கூறு முதல் வகையிலும், ‘வீமெலாக்’ என்னும் செயற்கூறு இரண்டாம் வகையிலும் இடம் தருகின்றன. தொடர்ச்சியான இடம் 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் பக்கக் கட்டுகளாகப் பராமரிக்கப்படுகின்றது. எட்டுப் பக்கம், அதாவது 32 கிலோபைட்டு வரையிலான கோரிக்கையைக் கருவகம் எளிதில் மறுப்பதில்லை. பிற இடங்களை விடுவித்தும், இறுதியில் ஒரு செயலியை முடித்து வைத்தும் கூட அதனை நிறைவேற்ற முயலும். அதற்கு மேற்பட்ட கோரிக்கை விலைமிகுந்ததாகக் கருதப்பட்டு எளிதில் கைவிடப்படும். இன்டெல் வகைக் கணினிகளின் வழக்கமான அமைப்பில் 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சியான கோரிக்கை ஏற்கப்படுவதே இல்லை.

கருவகத்தினுள் இசட்-ஸ்டாண்டர்டு விரிப்பு வந்தபோது அதன் பணியிடம் கேமெலாக் வழியாகவே கேட்கப்பட்டது. எக்ஸ்-எஃப்-எஸ் கோப்பு முறைமை போன்ற பெரிய நிரற்கூறுகளை ஏற்றும்போது பணியிடத்தின் அளவு மிகப் பெரிதாகிக் கருவகம் எச்சரிக்கை வெளியிட்டது. கணினியில் நினைவகம் நிறைய இருந்தும் கேட்ட வடிவில் அது கிடைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு இக்கோரிக்கை வீமெலாக்கிற்கு மாற்றப்பட்டது. ஜிசிப் விரிப்பிலும் இதே மாற்றம் தொடர்ந்தது. ஜிசிப்பின் சாளரம் 32 கிலோபைட்டே எனினும், அதனுடன் சேரும் அட்டவணைகளால் கோரிக்கை அவ்வெல்லையைக் கடந்துவிடுவதைக் கருதின் இம்மாற்றத்தின் தேவை புலப்படும்.

இங்கு நாம் பெறும் பாடம் இது: மறுப்பைக் கையாளும் முதற்படி, மறுக்கப்படாத வகையில் கேட்பதே. தொடர்ச்சி உண்மையிலேயே வேண்டும் பணிக்கு மட்டும் அதனைக் கோர வேண்டும்.

பின்வாங்கும் ஒழுங்கு

எவ்வளவு நயமாகக் கேட்பினும் சில வேளைகளில் மறுப்பு வந்தே தீரும். அப்போது செய்ய வேண்டியது, ஏறிய படிகளை ஏறிய வரிசைக்கு எதிராக இறங்குதல். நிரற்கூற்றை ஏற்றும் செயற்கூறு, இடம் பெறுதல், பெயரைப் பட்டியலில் பதிதல், செயலகத் தரவிடம் பெறுதல், தான் சார்ந்துள்ள பிற நிரற்கூறுகளை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளுதல் எனப் படிப்படியாகச் செல்கின்றது. எந்தப் படியில் தடை ஏற்படுகின்றதோ அந்தப் படிக்குரிய அடையாளத்திற்குத் தாவி, அதற்கு முன் செய்தவற்றை மட்டும் தலைகீழாக நீக்குகின்றது. செய்யாததை நீக்கினால் கருவகம் சிதையும். செய்ததை நீக்காவிடின் இடம் கசியும்.

இவ்வொழுங்கில் மூன்று நுட்பங்கள் கவனிக்கத்தக்கன.

ஒன்று, பெற்ற முறையிலேயே திருப்பித் தருதல். வெளியே விரித்து வந்த உள்ளடக்கம் வீமெலாக் வழியே பெற்ற இடத்தில் இருக்கும். கருவகமே விரித்த உள்ளடக்கமோ தனித்தனிப் பக்கங்களில் இருந்து, முகவரியால் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். பின்னதை விடுவிக்க, முதலில் முகவரி இணைப்பை நீக்கி, பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் விடுவித்து, இறுதியில் பக்கப் பட்டியலையும் விடுவித்தல் வேண்டும். ஆகவே, துப்புரவு செய்யும் செயற்கூறு, நிரற்கூறு எவ்வழியே வந்தது என்பதைக் கேட்டறிந்தே செயற்படுகின்றது.

இரண்டு, நீட்டிக்கும்போது பழையதை இழவாமை. பட்டியலையோ இடைத்தேக்கத்தையோ பெரிதாக்கக் கேட்கும்போது மறுப்பு வந்தால் பழைய இடம் அப்படியே இருக்கும். வந்த விடையைப் பழைய சுட்டியின் மீதே எழுதிவிட்டால், இருந்த இடத்தின் முகவரியும் மறைந்து, அதனைத் திருப்பித் தர வழியில்லாமற் போகும். விடையைத் தனி மாறியில் வாங்கிச் சரிபார்த்த பின்னரே பழையதை மாற்ற வேண்டும். நிரலாக்கம் கற்பிப்போர் மாணவர்க்கு வற்புறுத்தத்தக்க செய்தி இது.

மூன்று, காத்திருப்போரை எழுப்புதல். ஒரே நிரற்கூற்றை இரு செயல்கள் ஏற்ற முனைந்தால், இரண்டாவது செயல் முதலாவதன் முடிவுக்காகக் காத்திருக்கலாம். முதலாவது தோற்றால், பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதோடு காத்திருப்பவரையும் எழுப்ப வேண்டும். இல்லையேல், வாராத ஒன்றுக்காக அது காத்துக் கிடக்கும்.

மறுப்பைச் சொல்லும் முறை

பின்வாங்கிய பின்னர், காரணத்தை உள்ளவாறு கூற வேண்டும். லினக்ஸில் நினைவகப் பற்றாக்குறைக்குரிய எண் 12. நிரற்கூற்றின் வடிவம் தவறாயின் 8, முன்னரே ஏற்றப்பட்டிருப்பின் 17. எக்ஸ்-இசட் கருவி இயல்பாக 64 பிட்டுச் சரிபார்ப்புக் குறியை இடுகின்றது. கருவகத்தின் விரிப்பானோ 32 பிட்டுக் குறியையே ஏற்கின்றது. இவ்வேறுபாட்டால் விரிப்பு நின்றால் அது நினைவகத் தோல்வியன்று. இரண்டையும் ஒரே எண்ணால் அறிவித்தால், பயனர் தேவையின்றி நினைவகத்தைத் தேடி அலைவார்.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றிய ஒரு கருத்தையும் முன்வைக்கின்றோம். தமிழில் இவை அனைத்தையும் ‘பிழை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் போக்கு உள்ளது. பிழை என்பது செய்தவரின் தவற்றைச் சுட்டும். நினைவகம் கிடைக்காமை எவருடைய தவறும் அன்று. அது கோரிக்கைக்கு வந்த மறுப்பு. மறுப்பை முறையாகக் கையாளாமல் விடுவதே பிழை. மறுப்பு, தோல்வி, பிழை ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் கற்பித்தால், மாணவர் சிக்கலின் இருப்பிடத்தை விரைவில் உணர்வர் எனலாம்.

கணினியை ஆள்வோர்க்கும் இவ்வேறுபாடு பயன் தரும். 12 என்ற எண் வந்தால் கருவகத்தின் செய்திப் பதிவை முதலில் காண வேண்டும். மீந்துள்ள மொத்த நினைவகத்தையும், எத்தனை பக்கக் கட்டுகள் எந்தெந்த அளவில் மீந்துள்ளன என்பதைக் காட்டும் ‘படி-இன்ஃபோ’ கோப்பையும் ஒப்பிட வேண்டும். மொத்தம் குறைவாயின் தேவையற்ற செயலிகளை நிறுத்தலாம். மொத்தம் இருந்து பெரிய கட்டுகள் இல்லையாயின் சிதறலே காரணமாகலாம். நினைவகம் மிகக் குறைந்த கருவிகளில், சிறிய சாளரத்தோடு சுருக்கிய நிரற்கூற்றையோ சுருக்காத நிரற்கூற்றையோ பயன்படுத்துதல் தக்கது.

மறுப்பைச் சோதித்தல்

நினைவகம் மறுக்கப்படும் வழிகள் அன்றாடம் நடக்கப்படாதவை. நடக்கப்படாத வழியில் முள் முளைத்திருப்பினும் எவரும் அறியார். இதனை உணர்ந்தே, வேண்டுமென்றே மறுப்பை உண்டாக்கும் ஏற்பாடு 2007ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.20ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. நினைவகம் இருந்தும், குறிப்பிட்ட விகிதத்தில் கோரிக்கைகளை ‘இல்லை’ என மறுக்குமாறு கருவகத்தைப் பணிக்கலாம். முதற்கோரிக்கையை மறுத்து, பின்னர் இரண்டாவதை மறுத்து, இவ்வாறே ஒவ்வொரு படியிலும் தடை ஏற்படுத்தி, ஒவ்வொரு முறையும் கருவகம் பழைய நிலைக்கு மீள்கின்றதா, ஏதேனும் இடம் கசிகின்றதா எனச் சோதிக்க இயலும். வெற்றியை மட்டும் சோதித்த நிரல் பாதி சோதிக்கப்பட்ட நிரலே.

முடிவுரை

சுருக்கப்பட்ட நிரற்கூற்றை ஏற்றுதல் வெளிப்பார்வைக்கு ஒரே கட்டளையால் முடியும் செயல். அதனுள்ளே ஏழு இடங்களில் நினைவகம் கேட்கப்படுவதையும், அவ்வேழிலும் மறுப்பு நேரக்கூடும் என்பதையும் கண்டோம். கிடைக்கத்தக்க வடிவில் கேட்டல், மறுக்கப்பட்டால் பெற்றவற்றைப் பெற்ற முறையில் எதிர்வரிசையில் திருப்பித் தருதல், காரணத்தை உள்ளவாறு அறிவித்தல், மறுப்பையும் முன்னரே சோதித்தல் ஆகிய நான்கும் இதற்கான நெறிகள்.

இந்நெறிகளின் உட்கிடை ஒன்றே. நிரற்கூறு முழுமையாக ஏற வேண்டும். அன்றேல், ஏற முயன்ற சுவடே இல்லாமல் விலக வேண்டும். ஏறாத நிரற்கூற்றால் ஒரு கருவி மட்டுமே இயங்காமற் போகும். அதனை மீண்டும் முயலலாம். அரைகுறையாக ஏறிய நிரற்கூறோ, தன்னோடு தொடர்பில்லாத பணிகளையும் தரவுகளையும் கெடுக்க வல்லது. அந்த இடைநிலைக்கு இடங்கொடாமையே கருவக நிரலாளரின் கடமை.